வேலையை விட்டுப் போனவர் சர்வரில் என்ன செய்தார்? ஷெல் ஹிஸ்டரி முதல் ஒரு வருட லாக் வரை: புதுக்கோட்டை அலுவலகங்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர், நாலு மாசம் கழிச்சு அதே நிறுவனத்தின் சர்வர்களுக்குள் நுழைகிறார். ஒரு சின்ன புரோகிராமை ஓட விடுகிறார். 180 விர்ச்சுவல் சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிகின்றன. சிங்கப்பூரில் 2023-ல் நடந்த சம்பவம் இது.

இது எங்கேயோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. மக்களின் தகவல்களைக் கணினியில் வைத்திருப்பவர்கள், அந்தத் தகவலை யார் எப்போது தொட்டார்கள் என்பதற்கான பதிவை, அதாவது லாக்கை, ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். இந்தக் கடமைகள் முழுமையாக அமலுக்கு வருவது 2027 மே மாதத்தில்.

இதெல்லாம் சென்னை ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குத்தானே என்று தோன்றலாம். ஆனால் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி, ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு நகைக்கடன் நிறுவனம் என்று எதை எடுத்தாலும் அங்கே ஒரு கணினி, அதில் நூற்றுக்கணக்கானோரின் பெயர், போன் நம்பர், ஆதார் நகல் இருக்கும். பல இடங்களில் அதற்கு ஒரே ஒரு அட்மின் பாஸ்வேர்டு. அதை நாலு பேருக்குத் தெரியும். அங்கே ஒரு தவறு நடந்தால் 'யார் செய்தது?' என்ற கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது? இதுதான் இந்தக் கட்டுரை.

சிங்கப்பூரில் என்ன நடந்தது?

என்.சி.எஸ். என்பது சிங்கப்பூரின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே புதிய மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் சர்வர்களைக் கவனிக்க 20 பேர் கொண்ட குழு இருந்தது. அதில் வேலை பார்த்த இந்தியர் ஒருவரின் ஒப்பந்தம், வேலைத்திறன் சரியில்லை என்று 2022 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அவருடைய கடைசி வேலை நாள் நவம்பர் 16.

ஆள் போய்விட்டார். ஆனால் அட்மின் லாகின் போகவில்லை. 2023 ஜனவரியில் இந்தியாவில் இருந்தபடியே 6 முறை உள்ளே நுழைந்தார். பிப்ரவரியில் வேறு வேலை கிடைத்து சிங்கப்பூர் திரும்பியதும், பழைய சக ஊழியர் ஒருவரோடு தங்கி, அந்த வீட்டு வைஃபையிலிருந்தும் நுழைந்தார். மார்ச்சில் மட்டும் 13 முறை. மார்ச் 18, 19 தேதிகளில் சர்வர்களை அழிக்கும் ஸ்கிரிப்டை ஓட விட்டார்.

நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு 9,17,832 சிங்கப்பூர் டாலர். நம்ம கணக்கில் ஐந்தரைக் கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் அவருக்கு 2 வருடம் 8 மாதம் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எப்படி மாட்டினார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் அழித்தது சர்வர்களை. ஆனால் உள்ளே வந்த ஐ.பி. முகவரிகள் நிறுவனத்திடம் இருந்தன. அவற்றைப் போலீசிடம் கொடுத்தார்கள். போலீஸ் அவருடைய லேப்டாப்பைக் கைப்பற்றியபோது அழிப்பு ஸ்கிரிப்ட் அதிலேயே இருந்தது. சர்வரை அழிப்பது எப்படி என்று கூகுளில் தேடியதும் தெரியவந்தது. குற்றம் நடந்த இடத்துக்கு வெளியே இருந்த தடயங்கள்தான் அவரைக் காட்டிக்கொடுத்தன.

ஷெல் ஹிஸ்டரின்னா என்ன?

சர்வர்களைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் மவுஸைத் தொட மாட்டார்கள். கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் செய்வார்கள். அந்தக் கட்டளையை வாங்கி கணினியிடம் சொல்லும் புரோகிராமுக்குப் பெயர் ஷெல். லினக்ஸில் அதிகம் புழங்குவது 'பாஷ்' என்ற ஷெல்.

இது நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பிளஸ் 1 கணினிப் பாடத்திலும் உபுண்டு லினக்ஸ் வருகிறது.

நீங்கள் டைப் செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் ஷெல் நினைவில் வைத்துக்கொள்ளும். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைகள் திரும்ப வருவது இதனால்தான். ஷெல்லை மூடும்போது அந்தப் பட்டியல் உங்கள் கணக்கில் உள்ள ஒரு மறைவான கோப்பில் எழுதப்படும். அதுதான் ஹிஸ்டரி. விண்டோஸில் உள்ள பவர்ஷெல்லும் இதே மாதிரி, சாதாரணமாகக் கடைசி 4,096 கட்டளைகளைச் சேமித்து வைக்கிறது.

அப்போ அதுவே சாட்சி இல்லையா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஹிஸ்டரி என்பது உங்கள் வசதிக்காக எழுதப்படும் டைரி. சாட்சியாக இருக்கணும் என்று அது உருவாக்கப்படவே இல்லை.

முதலாவது, அந்தக் கோப்பு பயனாளரின் சொந்தக் கோப்பு. அவரே திறக்கலாம், வரியைத் திருத்தலாம், மொத்தமாக அழிக்கலாம். ஒரே கட்டளையில் ஹிஸ்டரியைக் காலி செய்யும் வசதியும் ஷெல்லிலேயே உண்டு.

இரண்டாவது, பாஷ் சாதாரணமாகக் கட்டளைகளை உடனுக்குடன் எழுதாது. வெளியே போகும்போதுதான் எழுதும். ஷெல்லை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அந்த முறை டைப் செய்தது எதுவுமே கோப்பில் இருக்காது.

மூன்றாவது, உபுண்டுவில் வரும் இயல்பான அமைப்பில், கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டு டைப் செய்தால் அது ஹிஸ்டரியில் ஏறாது. கடைசி 2,000 வரிகளுக்கு மேல் கோப்பிலும் தங்காது.

நான்காவது, நேரம். தனியாக அமைத்தால் ஒழிய பாஷ் ஹிஸ்டரியில் எந்தக் கட்டளை எத்தனை மணிக்கு அடிக்கப்பட்டது என்பதே இருக்காது.

ஐந்தாவதுதான் பெரிய சிக்கல். நாலு பேர் ஒரே 'ரூட்' கணக்கில் நுழைந்தால் நாலு பேரின் கட்டளையும் ஒரே ஹிஸ்டரியில் கலந்து கிடக்கும். அழித்த கட்டளை இருக்கும். அழித்த ஆள் யாரென்று இருக்காது. அப்புறம் என்ன நடக்கும்? முதலாளியின் சந்தேகம் பெரும்பாலும் புதுசா வந்த பையன் மேலதான் விழும். 'நான் இல்ல சார், நான் அந்த நேரத்துல உள்ளேயே வரல' என்று அவன் சொன்னால், அதை நிரூபிக்க அவனிடமும் ஒன்றும் இருக்காது.

லாக் என்றாலே தப்பு செய்தவனைப் பிடிக்கும் பொறி என்று நினைக்கிறோம். தப்பு செய்யாதவனைக் காப்பாற்றுவதும் அதே லாக்தான்.

அப்போ எதை நம்புவது?

பயனாளரின் கை எட்டாத இடத்தில் எழுதப்படும் பதிவை. அதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, 'சுடோ'. ரூட் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காமல், ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, தேவைப்படும் கட்டளையை மட்டும் சுடோ மூலம் ஓட்டுவது. யார், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை என்பதை சுடோ கணினியின் பொது லாக்கில் எழுதிவிடும். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சுடோ மூலம் ஒரு முழு ரூட் ஷெல்லைத் திறந்துகொண்டால், திறந்தது மட்டும்தான் பதிவாகும். உள்ளே செய்தது பதிவாகாது.

இரண்டாம் படி, லினக்ஸின் தணிக்கை வசதி. 'ஆடிட்-டி' என்ற இலவச மென்பொருள், இயங்குதளத்தின் கருவிலேயே உட்கார்ந்து எந்தெந்த புரோகிராம் ஓட்டப்பட்டது என்பதைப் பதிவு செய்யும். முதலில் யாராக உள்ளே நுழைந்தார் என்ற அடையாளம், பிறகு ரூட்டாக மாறினாலும் கூடவே வரும். ஹிஸ்டரியை அழித்தாலும் இதில் இருக்கும். இதைத் தனியாக நிறுவி, எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி எழுதினால்தான் வேலை செய்யும்.

மூன்றாம் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்த லாக்கின் நகல் உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் ரூட் அதிகாரம் உள்ளவர் ஒரு சர்வரில் உள்ள எந்த லாக்கையும் அழிக்க முடியும். வேறொரு கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட நகலை அவரால் தொட முடியாது. அந்தக் கணினியின் சாவி அவரிடம் இல்லாத வரைக்கும்.

இது புரியவில்லை என்றால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற 'எடிட் லாக்' இருக்க வேண்டும், அதை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. டேலியில் வவுச்சரைத் திருத்தினால் பழைய வவுச்சரின் தடம் நிற்கிறதே, அதேதான். கணக்குப் புத்தகத்துக்கு வந்த ஒழுங்கு இப்போது சர்வருக்கும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

செர்ட்-இன் உத்தரவு: நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஒரு உத்தரவு போட்டது. சேவை நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், வணிக நிறுவனங்கள், அரசு அமைப்புகள் தங்கள் கணினி லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கணினிகளின் கடிகாரம் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு சர்வரில் 10.05, இன்னொன்றில் 10.20 என்று காட்டினால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம்: சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். லாக்குகளை ஒரு வருடம் வைத்திருப்பது, தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்வது, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் கொடுப்பது ஆகியவை இதில் உண்டு. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அது உச்சவரம்பு. தவறின் தன்மையைப் பொறுத்துத்தான் தொகை முடிவாகும்.

ஐ.டி. சட்டம்: அனுமதியின்றி அடுத்தவர் கணினியில் நுழைவது, தகவலை அழிப்பது 43-வது பிரிவின் கீழ் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சாட்சியச் சட்டம்: 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், 63-வது பிரிவில் மின்னணுப் பதிவுகளைப் பற்றிப் பேசுகிறது. லாக்கை பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதாது. அதோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் அந்தக் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். இப்படிச் சான்றிதழ் கட்டாயம் என்பதை, பழைய சட்டம் இருந்தபோதே 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

ஆக, சம்பவம் நடந்த பிறகு லாக்கைத் தேடினால் லேட். முன்னாடியே எழுதப்பட்டு, கை படாமல் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம்: ஹிஸ்டரியே திருடனுக்குச் சாவி

இதுவரை ஹிஸ்டரியில் போதிய தகவல் இல்லை என்று பார்த்தோம். சில சமயம் அதில் தேவைக்கு மேலேயே தகவல் இருக்கும்.

அவசரத்தில் பாஸ்வேர்டையும் கட்டளையோடு சேர்த்தே ஒரே வரியில் டைப் செய்வது பலருக்கும் பழக்கம். டேட்டாபேஸில் நுழைய, கிளவுடில் கோப்பு ஏற்ற, இன்னொரு சர்வரில் இணைய என்று எல்லாவற்றுக்கும். அந்த வரி அப்படியே ஹிஸ்டரியில் எழுதப்படும், எந்த மறைப்பும் இல்லாமல். சர்வருக்குள் நுழையும் தாக்குதல்காரர்கள் தேடும் இடங்களில் ஹிஸ்டரி கோப்பும் ஒன்று. உலக அளவில் தாக்குதல் முறைகளைத் தொகுக்கும் மைட்டர் அமைப்பின் 'அட்டாக்' பட்டியலில், ஹிஸ்டரியிலிருந்து பாஸ்வேர்டு எடுப்பது ஒரு தனி முறையாகவும், ஹிஸ்டரியை அழித்துத் தடயத்தை மறைப்பது இன்னொரு முறையாகவும் இடம்பெற்றிருக்கின்றன.

தணிக்கை லாக்குக்கும் இதே ஆபத்து உண்டு. கட்டளையோடு பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் சேர்ந்தே பதிவாகும். கண்காணிக்க வைத்த லாக்கே கசிந்தால், வீட்டுக் காவலுக்கு வைத்த ஆளிடமிருந்து கொத்துச் சாவி பறிபோன கதைதான்.

இதற்கு வழி எளிது. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதவே கூடாது. புரோகிராம் கேட்கும்போது டைப் செய்யணும். அல்லது உங்கள் கணக்கு மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைக்கணும். தெரியாமல் எழுதிவிட்டால் அந்த வரியை அழிப்பது மட்டும் போதாது. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஊழியரை இப்படிக் கண்காணிப்பது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பாற்றவும் வணிக ரகசியத்தைப் பாதுகாக்கவும், தனியாகச் சம்மதம் வாங்காமலே ஊழியரின் தரவைப் பயன்படுத்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அது ஊழியர் விரலை அசைப்பதையெல்லாம் பதிவு செய்ய எழுதிக்கொடுத்த வெற்றுக் காசோலை இல்லை. சர்வரில் ஓடிய கட்டளையைப் பதிவு செய்வது வேறு. ஒருவரின் கீபோர்டில் விழும் ஒவ்வொரு எழுத்தையும், அவரது சொந்த பேங்க் பாஸ்வேர்டு உட்பட, பிடித்து வைப்பது வேறு.

நல்ல நிறுவனங்கள் பதிவை எதற்குப் பயன்படுத்துகின்றன என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. சுமார் 6 மணி நேரத் தரவு திரும்பி வரவே இல்லை.

அந்த நிறுவனம் நடந்ததை நேர வரிசையோடு வெளிப்படையாக எழுதியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. அப்படித் தோண்டியபோதுதான், வழக்கமாக எடுக்க வேண்டிய பேக்கப் பல நாளாக வேலையே செய்யவில்லை என்ற உண்மை வெளியே வந்தது. ஒருவரின் கை தவறியது ஒரு நொடி. பேக்கப்பை யாரும் கவனிக்காமல் விட்டது பல நாள். பதிவு இல்லையென்றால் பழி முழுக்க அந்த ஒருவர் மேல் விழுந்திருக்கும்.

சின்ன அலுவலகம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. இதில் பெரும்பாலானவை இலவச மென்பொருளில் முடிகிற வேலை.

1. ஆளுக்கு ஒரு கணக்கு. பொதுவான அட்மின் பாஸ்வேர்டை இன்றே நிறுத்துங்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

2. வேலையை விட்டுப் போகும் அன்றே கணக்கை மூடுங்கள். லாகின், ரிமோட் சாவி, கிளவுட் கணக்கு, அலுவலக வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் சேர்த்து. சிங்கப்பூரில் நடந்ததை இந்த ஒரு வேலை தடுத்திருக்கும்.

3. ரூட் லாகினை அடைத்து, சுடோ மட்டும் திறந்து வையுங்கள்.

4. ஹிஸ்டரியில் நேரமும் பதிவாகும்படி அமையுங்கள். ஆனால் அதை உங்கள் வசதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. லாக்கின் நகலை வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். சர்வரைக் கவனிப்பவரும் லாக்கைக் கவனிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சின்ன இடத்தில் ஆள் இல்லையென்றால் லாக் கணினியின் சாவி உரிமையாளரிடமே இருக்கட்டும்.

6. 180 நாள் இப்போதே கணக்கில் இருக்கிறது. 2027 மே-க்குள் அதை ஒரு வருடமாக்கத் திட்டமிடுங்கள்.

7. என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்பதை ஊழியர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

8. ஏதாவது நடந்துவிட்டால் அந்தக் கணினியில் நீங்களே நோண்டிப் பார்க்காதீர்கள். லாக்கை நகலெடுத்து, ஹேஷ் மதிப்பைக் குறித்துவைத்து, செர்ட்-இன்னுக்கும் மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கும் தகவல் சொல்லுங்கள்.

வெளியூர், வெளிநாடு போகும் இளைஞர்களுக்கு

அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி பக்கமிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போவது தலைமுறை வழக்கம். இப்போது அதில் கணினி வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயம்.

வேலையை விட்டு வரும்போது, உங்கள் கணக்குகளை மூடச் சொல்லி நீங்களே மெயில் அனுப்புங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அந்த நிறுவனத்தில் ஏதாவது நடந்தால் அந்த மெயில் உங்களுக்குத் துணை நிற்கும்.

உங்கள் லாகினை நண்பருக்கோ அறைத்தோழருக்கோ கொடுக்காதீர்கள். லாக்கில் விழுவது உங்கள் பெயர்.

பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யுதான்னு சும்மா கூட போட்டுப் பார்க்காதீர்கள். கதவு திறந்து கிடப்பது உள்ளே போக அனுமதி ஆகாது. சிங்கப்பூர் வழக்கிலும் குற்றச்சாட்டு அனுமதியின்றி நுழைந்ததன் கீழ்தான் பதிவானது.

2027 மே வரை கால அவகாசம் இருக்கிறது. லாக் அமைப்பது ஒரு சர்வருக்கு ஓரிரு நாள் வேலை. ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிரும் பழக்கத்தை மாற்றுவதற்குத்தான் நாளாகும். அதனால் முதலில் அதில் தொடங்குவது நல்லது.